சண்டைச் சாப்பாட்டு உண்ணியப்பம்

11 ஏப்ரல் 2025, வெள்ளி

இன்று சண்டைச் சாப்பாடு. என் வீட்டுக்காரர் போகும் கிளப்பின் நோட்டீசில் 'போர் வரலாற்று விருந்து' என்று கௌரவமாகப் போடுகிறார்கள். தக்கலையில் உறுப்பினர்களின் வீட்டுக்காரிகள் நாங்கள் எல்லோரும் சண்டைச் சாப்பாடு என்றுதான் சொல்வோம். மாதத்தின் இரண்டாவது வெள்ளிக்கிழமை ஆண்கள் எல்லாம் ஒரு நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்து, என்றோ எங்கோ நடந்த போரைக் கேட்டுக்கொண்டே தின்பார்கள். பேசுகிறவர் பெரும்பாலும் இவர்தான். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஜேசுதாசுக்கு வாட்டர்லூவில் என்ன சோலி என்று கேட்டால் சிரிப்பார். வாலிபத்தில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது பாதம் தட்டை என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அந்த ஏக்கம் இன்னும் போகவில்லை.

மேசைதான் போர்க்களம். சோற்றைக் குவித்தால் மலை. மோர்க்குழம்புப் பாத்திரம் கடல். ஒரு படை பருப்பு வடை, எதிர்ப்படை நான் சுட்டு அனுப்பும் உண்ணியப்பம். எந்தப் படையாள் விழுகிறானோ அவனைப் பக்கத்தில் இருக்கிறவர் எடுத்துத் தின்றுவிட வேண்டும். அதுதான் அங்கே சட்டம்.

இதைக் கிளப்பில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் மகன் ஜாஸ்பர் சின்னப் பிள்ளையில் இட்லியைக் கண்டாலே வாயை மூடிக்கொள்வான். இவர் இட்லியைப் பிய்த்துத் தட்டில் படை நிறுத்துவார். "அந்தா விழுந்துட்டான் பாரு. அவனைத் தின்னு மக்கா" என்பார். பிள்ளை ஒரு பட்டாளத்தையே தின்றுவிட்டுப் பள்ளிக்கூடம் போவான். அவன் பெரியவனாகி நிஜமான பட்டாளத்துக்குப் போன பிறகு, அதே விளையாட்டை இவர் கிளப்புக்குக் கொண்டுபோனார்.

இன்றும் டப்பா காலியாகத்தான் வந்தது. இத்தனை வருஷத்தில் ஒன்றுகூட மிச்சம் வந்ததில்லை. முக்கால்வாசியும் மைதீன் கனி அண்ணன் வேலையாக இருக்கும். இவருடைய பள்ளிக்கூடத்துச் சிநேகிதர், துணிக்கடைக்காரர். சர்க்கரை வியாதி என்று அவர் மனைவி நூர்ஜஹான் வீட்டில் இனிப்பைக் கண்ணில் காட்டுவதில்லை. அதனால் எந்தப் படை தோற்கும் என்று முன்கூட்டியே இவரிடம் கேட்டு வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய் உட்காருவாராம்.

20 ஏப்ரல், ஈஸ்டர்

ஆராதனை முடிந்து வந்ததும் ஜாஸ்பர் போன் பண்ணினான். ஜம்மு பக்கம்தான் இருக்கிறான், அதற்குமேல் கேட்கக்கூடாது. என்ன கறி வைத்தாய் என்று கேட்டான். சொன்னேன். பெருமூச்சு விட்டான்.

இவர் போனை வாங்கி, அடுத்த மாதம் கிளப்பில் கணவாய்ச் சண்டை என்றார். கிரேக்க நாட்டில் கொஞ்சம் பேர் ஒரு மலைக் கணவாயில் நின்று பெரும்படையைத் தடுத்த கதை. சின்னதில் ஜாஸ்பர் திரும்பத் திரும்பக் கேட்டது அதைத்தான்.

"அது எனக்க சண்டையாக்கும்" என்றான் போனில்.

ஜூனில் லீவு என்றும் சொன்னான். அதுவரை பலாப்பழம் இருக்குமா? மேலே இருக்கிற இரண்டை வெட்ட வேண்டாம் என்று மரமேறிக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

23 ஏப்ரல், புதன்

காஷ்மீரில் ஊர் பார்க்கப் போனவர்களைச் சுட்டுக் கொன்றிருக்கிறார்கள். டி.வி.யில் கணவனைப் பறிகொடுத்த பெண்பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஜாஸ்பருக்குப் போட்டால் போன் போகவில்லை.

1 மே, வியாழன்

லீவு இல்லை என்று மெசேஜ். அவ்வளவுதான்.

7 மே, புதன்

காலையில் பால் வாங்கப் போன இடத்தில்தான் கேள்விப்பட்டேன். நம் பட்டாளம் எல்லை தாண்டிப் போய் அடித்திருக்கிறது. பால்காரர் சந்தோஷமாகச் சொன்னார். நானும் தலையை ஆட்டினேன். வீட்டுக்கு வந்ததும் போனைத்தான் எடுத்துப் பார்த்தேன்.

ஒன்பது மணிக்கு ஒரு மெசேஜ் வந்தது. "நல்லா இருக்கேன். கொஞ்ச நாள் போன் ஆஃப். ஜெபம் பண்ணுங்க." பதில் போட்டேன். ஒரு டிக்தான் விழுந்திருக்கிறது. இதை எழுதும்போதும் ஒரு டிக்தான்.

8 மே, வியாழன்

அவரிடம் கத்திவிட்டேன்.

நாள் முழுக்க டி.வி.முன் இருந்தார். ஒரு சேனலில் மேப் போட்டு அம்புக்குறி வரைந்து காட்டினார்கள். இவர் எழுந்து போய், "இங்கன இருந்து இங்கன வந்தா இந்த மேடு முக்கியம்" என்று திரையில் விரலை வைத்துக் காட்டினார். கிளப் குரல். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு என்ன ஆனதோ, தெரியவில்லை.

"அவன் உங்க மேசையில வச்ச உண்ணியப்பம் இல்ல" என்றேன். "எனக்க பிள்ளையாக்கும். இட்லியில சண்டை காட்டி காட்டி நீங்கதான் அவனைக் கொண்டுபோய் விட்டிய."

அவர் விரலை எடுக்கவில்லை. மேப் போய் விளம்பரம் வந்தது. சோப்பு விளம்பரம். அப்போதும் விரல் அங்கேயே இருந்தது. பிறகு போய் முற்றத்தில் நின்றார்.

நான் சொன்னது பொய் இல்லை. ஆனால் முழுசும் சரியா? பட்டாளத்தில் சேர வேண்டாம், பி.எட். படி என்று அவனிடம் கெஞ்சியது இவர். ரயில் ஏற்றிவிட்டு வந்து ரெண்டு நாள் சாப்பிடாமல் இருந்ததும் இவர். எனக்கு இதெல்லாம் தெரியாதா? தெரிஞ்சுதான் சொன்னேன். யாரையாவது சொல்லணும்போல இருந்தது — வேற யாரைச் சொல்ல?

9 மே, வெள்ளி

இந்த மாதம் விருந்தைத் தள்ளிவைக்கலாம் என்று கிளப்பில் சொன்னார்களாம். இவர்தான் வேண்டாம் என்றிருக்கிறார். வீட்டில் டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று மைதீன் கனி அண்ணனிடம் போனில் சொன்னதைக் கேட்டேன். என்னிடம் பேசவில்லை. நானும் பேசவில்லை.

உண்ணியப்பம் சுட மாட்டேன் என்று நேற்றே முடிவு செய்திருந்தேன். மத்தியானம் பார்த்தால் அடுக்களையில் இவர். பாளையங்கோட்டான் வாழைப்பழத்தைப் பிசைந்து, கருப்பட்டிப் பாகை அப்படியே கொதிக்கக் கொதிக்க மாவில் ஊற்றிவிட்டார். மாவு கட்டி தட்டிப் போயிற்று. முதல் ஈடு குழிச்சட்டியில் ஒட்டிக்கொண்டு கரிந்தது. கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

கரண்டியைப் பிடுங்கினேன். வேறு மாவு கரைத்தேன். அவர் போகவில்லை, தேங்காயைக் கீறித் தந்துகொண்டே நின்றார். ரெண்டு பேருமாக டப்பா நிறையச் சுட்டோம்.

10 மே, சனி, காலை

நேற்று நடந்ததை எழுதிவிட வேண்டும்.

எட்டு மணிக்கெல்லாம் வந்துவிட்டார்கள். வழக்கமாகப் பத்தாகும். டப்பா மைதீன் கனி அண்ணன் கையில் இருந்தது. இவர் நேராக உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். அண்ணன் என்னிடம் வாசலிலேயே சொன்னார்.

சோற்றைக் குவித்து மலை கட்டியிருக்கிறார். நடுவில் கணவாய். அதில் உண்ணியப்பங்களை வரிசையாக நிறுத்தினாராம். பருப்பு வடைப் படை முழுக்க மேசையின் அந்தக் கோடியில். பேச்சு நன்றாகத்தான் போயிருக்கிறது. முதல் நாள், இரண்டாம் நாள், மலையைச் சுற்றி ஒரு ரகசியப் பாதை, எல்லாம் சொல்லிவிட்டு முதல் ஆள் விழுந்ததைச் சொன்னாராம். கணவாய் ஓரத்தில் அண்ணன்தான் இருந்தார். வழக்கம்போல் கை நீட்டியிருக்கிறார். இவர் அந்த உண்ணியப்பத்தின் மேல் உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

"எடுக்கவும் இல்ல மைனி, விடவும் இல்ல. 'இது வேண்டாம் கனி'ன்னு மட்டும் சொன்னாரு. பொறவு பேச்சு வரல" என்றார் அண்ணன்.

சாம்பார் வாளியோடு வந்தவர்கூட அப்படியே நின்றுவிட்டாராம். பிறகு அண்ணன் எழுந்து, ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து டப்பாவில் திரும்ப அடுக்கியிருக்கிறார். அந்தக் கோடியில் இருந்தவர்களும் எழுந்து வந்து கூட அடுக்கினார்களாம்.

டப்பாவைத் திறந்து பார்த்தேன். கொடுத்தனுப்பியது அப்படியே இருந்தது. ஒன்றிரண்டில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. கணவாயில் நின்ற ஒருத்தனையும் யாரும் தின்னவில்லை.

உள்ளே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். நேற்று முன்தினம் சொன்னதைத் திரும்ப எடுக்க வழி தெரியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டேன். கையில் தேங்காயெண்ணெய் வாசனை.

"உனக்க பிள்ளைன்னு சொன்னல்லா" என்றார். "எனக்கும் பிள்ளைதாண்டி."

10 மே, மாலை

சண்டை நிறுத்தம் என்று டி.வி.யில் சொல்கிறார்கள். உடனே, நிற்கவில்லை என்றும் சொல்கிறார்கள். ஒரு டிக்தான்.

11 மே, ஞாயிறு

போன் வாங்கிய நாளிலிருந்து முதல்முறையாக அதை அணைக்காமல் கோயிலுக்குப் போனேன். பையில் வைத்து, பையை மடியில் வைத்து, அதன்மேல் கையை வைத்திருந்தேன். பிரசங்கத்தின் நடுவில் அடித்தது. சத்தத்தை நிறுத்த மறந்திருக்கிறேன்! கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சபை ஐயர் பேச்சை நிறுத்தினார். பேர் பார்த்தேன், ஜாஸ்பர். எழுந்து ஓடினேன். செருப்பு எங்கே போட்டேன் என்றுகூடப் பார்க்கவில்லை. ஆண்கள் பக்கமிருந்து இவரும் ஓடிவந்தார்.

"அம்மா, நல்லாருக்கேன். ஒண்ணும் இல்ல" என்றான். பிறகு, "கோயிலுக்குப் போகலியா?" என்றான்.

நான் அழுதேன். இவர் போனை வாங்கி, "தின்னியா மக்கா?" என்று மட்டும் கேட்டார். என்ன பதில் வந்ததோ, சரி சரி என்று தலையாட்டிக்கொண்டே இருந்தார். தலையாட்டினால் அங்கே தெரியுமா?

உள்ளே திரும்பிப் போனபோது ஐயர் எங்களையே பார்த்தார். இவர் கையைத் தூக்கிக் காட்டினார். ஐயர், சங்கீதப் புத்தகத்தைத் திறங்கள் என்றார். பிரசங்கத்தை எங்கே விட்டார் என்று அவருக்கும் மறந்திருக்கும்.

13 ஜூன், வெள்ளி

சண்டைச் சாப்பாடு மறுபடி தொடங்கிவிட்டது. ஆனால் இவர் இப்போது ஆள் சாகாத போராகத் தேடுகிறார். முற்றுகை போட்டுச் சலித்துத் திரும்பிப்போன படை, சண்டை தொடங்கும் முன்னே ஒப்பந்தம் போட்ட ராஜாக்கள். அப்படி எத்தனை கிடைக்கும்? கிடைத்தவரை பேசுவேன் என்கிறார். உண்ணியப்பம் கடைசியில் எல்லோருக்கும் ஒவ்வொன்று, அவ்வளவுதான். மைதீன் கனி அண்ணனுக்கு இந்தச் சமாதானம் பிடிக்கவே இல்லை. நூர்ஜஹான் எனக்குப் போன் பண்ணி, சர்க்கரை குறைந்திருக்கிறது என்றாள்.

பலாப்பழம் இரண்டும் மரத்திலேயே பழுத்து விழுந்துவிட்டது.

6 ஆகஸ்ட், புதன்

வந்துவிட்டான். மெலிந்திருக்கிறான். வாசலில் என்னைத் தூக்கினான், கழுதை.

9 ஆகஸ்ட், சனி

நேற்று கிளப்பில் வந்து பேசச் சொன்னார்கள். வரமாட்டேன் என்றுவிட்டான். இவரும் வற்புறுத்தவில்லை.

இன்று காலை பலகாரம் உண்ணியப்பம். சாயா குடித்துக்கொண்டிருந்தபோது நான்தான் கேட்டேன், அந்த நாலு நாளும் எங்கே இருந்தாய் என்று. இவர் கேட்கவே மாட்டார். ஜாஸ்பர் சாயா டம்ளரை நகர்த்தி மேடு என்றான். கரண்டியைக் குறுக்கே போட்டு ஆறு என்றான். டப்பாவிலிருந்து ஒரு உண்ணியப்பத்தை எடுத்து டம்ளருக்குப் பின்னால் வைத்தான்.

"இது நான்."

அதற்குமேல் சொல்லவில்லை. வாசலில் அவன் சிநேகிதன் ஷைஜு பைக்கில் வந்து ஹாரன் அடித்தான். ரெண்டு பேரும் இனயம் கடலுக்குக் கிளம்பிவிட்டார்கள்.

நான் தட்டுகளை எடுத்தேன். இவர் துணியை நனைத்து மேசையைத் துடைத்தார். டம்ளரையும் கரண்டியையும் அந்த உண்ணியப்பத்தையும் எடுக்கவில்லை, சுற்றித்தான் துடைத்தார்.

பதினொரு மணிக்கு மைதீன் கனி அண்ணன் பிள்ளையைப் பார்க்க வந்தார். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பேச்சோடு பேச்சாக அவர் கை மேசைமேல் இருந்த உண்ணியப்பத்துக்குப் போயிற்று.

"அது வேண்டாம்" என்றோம், இவரும் நானும் ஒன்றாக.

அவர் கையை எடுத்துக்கொண்டு ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு வேறு உண்ணியப்பம் கொடுத்தேன், நூர்ஜஹான் என்னை மன்னிக்கட்டும்.

மத்தியானம் எறும்பு வந்தது. இவர் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து அந்த உண்ணியப்பத்தை மூடிவைத்தார்.

ஜாஸ்பர் நாலு மணிக்கு வந்தான், தலையெல்லாம் உப்பும் மண்ணும். வந்ததும் பசிக்கிறது என்றான். மேசையைப் பார்த்தான். கிண்ணத்தைத் தூக்கினான்.

"ஏம்மா, இது மட்டும் இங்கன கிடக்கு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் அதை எடுத்து முழுசாக வாயில் போட்டான்.

இவர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன்.

"ஆறிப்போச்சு" என்றான் மென்றுகொண்டே. "இன்னும் இருக்கா?"

இருக்கு மக்கா என்று சொல்லி டப்பாவைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தேன்.