மீனில்லாத கூழ்

நவம்பர் 10, திங்கள்

விடியத் தொடங்கிய மழை, பின்னேரம் வரை. பட்டறைக்கு வந்தது ஒரேயொரு உழவு மெசின். அதுவும் பெல்ட் அறுந்தது. வேளைக்கே வீடு.

காலையில் பிள்ளைத்தாச்சி ஜெனியைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். நிறை கூடவில்லை. போன மாதத்தைவிடக் குறைவு. மிட்வைஃப் என்னைப் பார்த்துத்தான் சொன்னார்: "நாலு மாதமாகியும் இன்னும் சாப்பிட்டதெல்லாம் சத்தியோ? இரவுச் சாப்பாட்டையாவது வயிறு நிறையக் குடுங்கோ தம்பி." ஏதோ நான்தான் சோற்றுப் பானையைப் பூட்டி வைத்திருக்கிறேன் போல!

பிரச்சினை மீன். கொக்கிளாய்க் கடற்கரையில் பிறந்து, பல் முளைக்க முன்னரே இறால் சப்பின மனுசி என் மனைவி. இப்போது மீன் மணம் பட்டாலே ஓங்காளம். முட்டையும் அப்படித்தான். இறைச்சி என்று சொல்லவே கூடாது. நானோ பெயருக்குச் சைவக்காரன். வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில் மீன் இல்லாமல் சோறு இறங்காது. மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரி சைவம், சைவக்காரன் மச்சம். கடவுளுக்கும் நல்ல பகிடிக் குணம்தான்.

இருட்டுப்பட மாமி போன். ஜெனியின் அம்மா. நிறை விசயம் அதற்குள் கொக்கிளாய் வரை போய்விட்டது.

"என்ர பிள்ளையச் சைவமாக்கிப் போட்டியள் என்ன?"

"இல்லை மாமி, அவவுக்கு மீன் ஏலாமக் கிடக்கு."

"எங்கட வீட்டில மீன் ஏலாத பிள்ளை பிறக்கேல்ல. வெள்ளிக்கிழமை வாறன். அவள் ஒழுங்காச் சாப்பிடேல்லை எண்டால் கையோட கூட்டிக்கொண்டு போயிடுவன். பிள்ளை பிறந்தாப் பிறகு வந்து பாருங்கோ."

முதல் பிள்ளைக்குத் தாய் வீட்டுக்குப் போவது வழமைதான். ஏழாம் மாதம் போகட்டும், ஆர் வேண்டாம் என்றது? இப்போதே போனால் நான் இந்த வீட்டில் சுவரோடுதான் கதைக்க வேண்டும். விடமாட்டேன்.

வெள்ளி வரைதான் தவணை. இரவுச் சமையல் இனி நான். வவுனியாவில் அறை எடுத்து இருந்தபோது பெடியளுக்கெல்லாம் சமைத்துப் போட்ட கை இது.

இன்று: குரக்கன் பிட்டு, கத்தரிக்காய்ப் பால்கறி, மோர்மிளகாய் பொரியல். பிட்டு கொஞ்சம் கட்டிபட்டுப் போயிற்று. அரைத் தட்டு சாப்பிட்டாள். வயிற்றில் நின்றது! எது நிற்கிறது என்று இதில் குறிக்காவிட்டால் மறந்துவிடும்.

நவம்பர் 11, செவ்வாய்

வெயில். புழுக்கம். வேலைக்கு நடுவில் யோசித்தவை:

மரவள்ளி அவியல், பச்சைமிளகாய்ச் சம்பல்.
கௌபிப் பயறும் பூசணிக்காயும் போட்ட கெட்டிக் கறி, சிவப்பரிசிச் சோறு.
உழுத்தம்மா கலந்த பிட்டு, வாழைக்காய்க் கறி.
சோயா மீற். (கடையில் தந்த பைக்கற்றைத் திருப்பிப் பார்த்தேன். 'கணவாய்ச் சுவை'. தப்பினேன்.)
கொத்து?

இரவுக்கு ரொட்டி. செட்டிகுளத்தில் அம்மா சுடுகிற மாதிரி. தேயிலைத் தோட்டத்தில் பழகின கனத்த ரொட்டி, தேங்காய்ப்பூ தாராளமாக. கீரை போட்ட பருப்பு. ரொட்டி நல்ல பதமாக வந்தது. அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

சம்பல் இடித்தேன். செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ப்பூ. பிறகு கை தன்பாட்டில் சுவர்த் தட்டுக்குப் போய், மாசிப் போத்தலைத் திறந்து, ஒரு பிடி அள்ளிப் போட்டுவிட்டது. சம்பல் என்றால் மாசி. யோசித்துப் போடுகிற சாமானா அது? ஆனால் மாசி என்றால் காய்ந்த மீன்தானே, மடையா!

ஜெனி வெளியில் கோழி அடைத்துக்கொண்டு நின்றாள். அங்கிருந்தே சத்தம்: "இஞ்சாருங்கோ, உள்ள என்ன போட்டனீங்கள்?"

அவ்வளவுதான். வேலியடியில் போய்க் குந்தினாள். தலையைப் பிடித்தேன். கையைத் தட்டிவிட்டாள். உரலில் மாசி இடித்த கை. ரொட்டியையும் தொடவில்லை. இஞ்சித் தேத்தண்ணியோடு படுத்துவிட்டாள்.

மாசிப் போத்தல் பக்கத்து வீட்டுச் சரோ அக்காவிடம். உரலை மூன்று தரம் கழுவினேன். ரொட்டி முழுவதையும் கோபத்தில் நானே தின்றேன். நெஞ்சு கரிக்கிறது.

நவம்பர் 12, புதன்

தூறல். ஜெனி காலையில் கதைக்கவில்லை. பத்து மணிக்குப் போன் எடுத்து, "நேற்றைய ரொட்டி மிச்சம் இருக்கோ?" என்றாள். எங்கே இருக்கும்!

அதனால் கொத்து. கடைக் கொத்து சரிவராது, இறைச்சி, முட்டை எல்லாவற்றையும் ஒரே தகட்டில்தான் கொத்துவார்கள். கடையில் வெறும் கோதம்பா ரொட்டி மட்டும் வாங்கி வந்து வீட்டிலேயே செய்தேன். கோவா, கரட், லீக்ஸ், உள்ளி, கறிவேப்பிலை, மிளகுத்தூள் நிறைய. அவித்த கடலை ஒரு சுண்டு. அதுதான் வயிற்றை நிரப்பும்.

தகடு ஏது? பெரிய தாச்சி. வெட்டுவதற்கு இரண்டு சில்வர் கோப்பை. டக்கு டக்கு டக டக்கு என்று தொடங்கினேன். ஜெனி முகத்தை நீட்டிக்கொண்டு குசினி வாசலில் நின்றாள். கொஞ்ச நேரத்தில், "தாளம் பிழைக்குது, இஞ்ச தாங்கோ" என்று பறித்தாள். அவள் அடித்த அடியில் சரோ அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்னடி, கடை திறந்திட்டியளோ? எனக்கொரு பாசல்!" என்றார்.

ஜெனி சிரித்த சிரிப்பில் கோவா நிலமெல்லாம். இரண்டு தட்டு. சட்டியையும் வழித்தாள். வயிற்றில் நின்றது, நின்றது, நின்றது! ஒரு கோப்பை நெளிந்து போயிற்று. கலியாணத்துக்கு வந்த சாமான். போகட்டும்.

நவம்பர் 13, வியாழன்

அடை மழை. பின்னேரம் கரண்ட் இல்லை. கௌபி, பூசணி, சோறு. ஒரு தட்டு. நின்றது.

மெழுகுதிரி வெளிச்சத்தில் ஜெனி: "மழைக்குக் கூழ் குடிக்கோணும் போல கிடக்கு."

"ஒடியல் கூழோ? நண்டு, இறால், மீன் தலை இல்லாமலோ?"

"ஒண்டும் போடாமல். உறைப்பாப் புளிப்பா."

நாலு மாதத்தில் அவள் வாயால் கேட்ட முதல் சாப்பாடு. சந்தோசத்தில் எழும்பி நின்றுவிட்டேன். பிறகுதான் உறைத்தது: நாளைக்கு வெள்ளி. மீனில்லாத கூழை, கூழுக்கென்றே நண்டு பிடிக்கிற வீட்டு மாமிக்கு முன்னால் வைக்க வேண்டும்.

மாமிக்குப் போன்: "மீன் கொண்டு வராதேங்கோ." மாமி: "ம்." அந்த 'ம்' எனக்குப் பிடிக்கவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

மழை விட்டு விட்டு. பட்டறையில் அரை நாள் லீவு.

பனங்கிழங்கு ஒடியல் மாவைக் காலையிலேயே ஊறப்போட்டுக் கசப்புத் தண்ணீரை இறுத்தேன். பானையில் ஒரு பிடி அரிசி, மரவள்ளி, பயிற்றங்காய், சரோ அக்கா மணலில் புதைத்து வைத்திருந்த பலாக்கொட்டை, கடைசியில் முருங்கையிலை. அரைத்த செத்தல் மிளகாய், பழப்புளி. மாவைக் கரைத்து விட்டுத் துழாவத் துழாவக் கூழ் தடித்தது. நண்டுக்குப் பதிலாகக் கடிக்கப் பல்லுப் பல்லாக வெட்டின தேங்காய்ச் சொட்டு. ருசி பார்த்தேன். என் சமையல் என்பதற்காகச் சொல்லவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது, மிளகாயால்.

ஐந்து மணிக்குப் படலையில் ஓட்டோ. மாமி இறங்குகிறார், தோளில் பை, கையில் றெஜிபோம் பெட்டி. முல்லைத்தீவில் பஸ் மாறி, ஐஸ் உருகி, பெட்டியின் மூலையால் ஒழுகுகிறது. விளைமீனும் இறாலும்.

"பிள்ளை பச்சை மீனைக் கண்ணால கண்டால் ஆசைப்படுவாள் தம்பி."

ஜெனி ஓடி வந்தாள். பாதி முற்றத்தில் நின்றாள். திரும்பி வேலியடிக்கு ஓடினாள். மாமி பெட்டியைப் போட்டுவிட்டுப் பின்னால் ஓடி முதுகைத் தடவப் போக, "அம்மா, கிட்ட வராதேங்கோ! அம்மா, உங்கட கை மணக்குது!"

மாமி அப்படியே நின்றார். மழை தூறுகிறது. கையை மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்த்தார். வாழ்நாள் முழுக்க மீன் வெட்டின கை. அவருக்கு என்ன மணக்கும்? வாய் கோணிப் போயிற்று. இந்த மனுசியோடு சண்டை பிடிக்கத்தான் கிழமை முழுக்க ஆயத்தம் செய்தேன். இப்போது பார்க்கப் பாவமாக இருந்தது.

"மாமி, கிணத்தடிக்கு வாங்கோ" என்றேன்.

பெட்டி சரோ அக்காவிடம். தேசிக்காய் வெட்டிக் கொடுத்தேன். மாமி கையை உரஞ்சி உரஞ்சிக் கழுவினார். முழுகினார். ஜெனியின் சோட்டிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். கொஞ்சம் இறுக்கம். ஜெனி கிட்டப்போய்க் கழுத்தில் முகத்தை வைத்து மணந்து பார்த்து, "இப்ப சரி" என்று கட்டிப் பிடித்தாள். இரண்டு பேரும் அழுகை. நான் கூழ் துழாவப் போனேன்.

கோப்பைகளில் வார்த்தேன். மாமி அகப்பையால் பானையைக் கிண்டினார்.

"நண்டு எங்க?"

"இல்லை மாமி."

"இறால்?"

"இல்லை."

"பிறகேன் இதைக் கூழ் எண்டு சொல்லுறியள்?"

ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய். அதற்குள் ஜெனி கோப்பையை வழித்து, இரண்டாவதும் முடித்து, மூன்றாவதுக்குக் கை நீட்டுகிறாள். மூக்கு வடிய, வேர்க்க, தேங்காய்ச் சொட்டைக் கடித்துக்கொண்டு. மாமி தன் கோப்பையை மறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்பிடி இவள் சாப்பிட்டு நான் கண்டு எவ்வளவு காலம்" என்றார். பிறகு தனக்குத்தானே: "அங்க முத்தம் முழுக்கக் கருவாடு. வீட்டுச் சுவரே மணக்கும். இவளை நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

எனக்கு எழும்பி ஆட வேண்டும் போல இருந்தது. அடக்கிக்கொண்டு, "ஏழாம் மாதம் பாப்பம் மாமி" என்றேன், மிகப் பணிவாக.

"ஓம். அதுவரைக்கும் நான் இஞ்ச நிக்கிறன்."

ஜெனி கையைத் தட்டினாள். நான் சிரித்தேன். சிரித்துத்தானே ஆக வேண்டும்.

"கூழ் நல்லாக் கிடக்கு மருமோன். உறைப்புத்தான் காணாது. நாளைக்கு நான் வைச்சுக் காட்டுறன், மீனில்லாமலே. நீங்கள் சும்மா இருந்து பாருங்கோ."

என் குசினியில்! என் கூழைவிட உறைப்பாக!

இப்போது உள்ளே போத்தல்கள் உருளுகிற சத்தம். எல்லாவற்றையும் இடம் மாற்றி அடுக்குகிறார். ஜெனி கதிரையில் சாய்ந்து, வயிற்றில் கையை வைத்துக்கொண்டு நல்ல நித்திரை. வாயோரம் கூழ்.

"தம்பி, மிளகாய்த்தூளை எங்க வைச்சனீங்கள்?"

காது கேட்காதவன் மாதிரி எழுதிக்கொண்டிருக்கிறேன்.