சுதாஜினி டொக்டருக்கு ஒரு கோல் எடு

அக்கராயன்
25.01.2026

அன்புள்ள மகள் பிரஷாந்தினிக்கு,

இங்கே நானும் அம்மாவும் உன் தம்பி ஜெயந்தனும் இருக்கிறபடி இருக்கிறோம். அங்கே நீயும் மருமகனும் பிள்ளைகளும் சுகத்தோடு இருக்க வேண்டும் என்று முறிகண்டிப் பிள்ளையாரை நினைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். போனில் என்றால் நீ அழுகிறாய், எனக்குச் சொல்ல ஒன்றும் வருவதில்லை. அதுதான் எழுதுகிறேன், ஜெயந்தன் படம் பிடித்து அனுப்புவான். வரி கோணலாகப் போயிருந்தால் குறை நினைக்காதே.

கார்த்திகை வெள்ளத்தில் பள்ளக்காணி அழிந்துவிட்டது, மேட்டுக்காணி தப்பியது, இன்னும் இரண்டு கிழமையில் வெட்டலாம். அம்மாவின் முழங்கால் நோ அப்படியே இருக்கிறது. எனக்கு வலது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது, ஆள் தெரியாது. தேத்தண்ணி ஊற்றினால் கோப்பைக்கு வெளியே போகிறது, வரம்பில் கால் வைக்கும்போது நிலம் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. நோ இல்லை. கோபமும் இல்லை, கவலையும் இல்லை, ஏன் என்று எனக்கே விளங்கவில்லை. அம்மாதான் அழுகிறார். நான் பக்கத்தில் கதிரையில் இருக்கிறேன், வேறு யாருக்கோ நடந்தது போல இருக்கிறது. உனக்கு மூன்று மாதம் மறைத்தது என் பிழை. நீ சுகாதார அமைச்சுக்கு முறைப்பாடு எழுதப் போவதாக ஜெயந்தன் சொன்னான். அவன் உனக்குச் சொன்னது அரைவாசிதான். முழுவதையும் வாசித்துவிட்டு யோசி.

ஐப்பசியில்தான் கண்ணில் வெண்புரை எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே சுதாஜினி டொக்டர் என்று ஒருவர், உன் வயதுதான் இருக்கும், கண் டொக்டராக வரப் படிக்கிற ஆட்களின் பயிற்சிக்கு அவர்தான் பொறுப்பு. நீ அங்கே பார்க்கிற அதே வேலை. பயிற்சி டொக்டர் அஜந்தன் செய்வார், நான் பக்கத்தில் நிற்பேன், சம்மதமோ என்று முதலே கேட்டார். ஓம் என்றேன். முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள், கண் விறைத்திருந்தது, காது மட்டும் கேட்டது. பாதியில் அந்தப் பொடியனுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. டொக்டர், கிழிஞ்சுபோச்சு என்றான். அவர் சத்தம் போடவில்லை. கையை அசைக்காதேங்கோ அஜந்தன், நான் இருக்கிறன் என்று சொல்லிக்கொண்டு அவனுடைய இடத்துக்கு வந்தார். பிறகு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனது. கண் வில்லையைத் தாங்குகிற பை கிழிந்து, வில்லையின் துண்டுகள் கண்ணின் உள்ளே விழுந்துவிட்டனவாம். கொழும்புக்கு அனுப்பி அதை எடுத்தார்கள், ஆனால் பார்வை வரவில்லை.

கொழும்பால் வந்த பிறகு கிளினிக்கில் சுதாஜினி டொக்டர் என்னைத் தனியாக இருத்தினார். ஐயா, செய்தது அவர், செய்ய விட்டது நான், கேட்கிறதை என்னட்டைக் கேளுங்கோ என்றார். நான் பரந்தன் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டேன். நடந்ததை ஒன்றும் விடாமல் மேலிடத்துக்கு எழுதியிருந்தார், அதையும் எனக்கு வாசித்துக் காட்டினார். என் மகளும் வெளிநாட்டில் இதே பொறுப்பில்தான் இருக்கிறா என்று அப்போதுதான் சொன்னேன். அவர் கடதாசியை மடித்து வைத்தார். பிறகு, அவாவுக்கு இப்பிடி ஒண்டு நடந்தால் ஆரோட கதைப்பா ஐயா என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். எனக்கும் ஒருத்தரும் இல்லை என்றார். ஏழு பேரைப் பழக்க வேண்டும், வார்டு பார்க்க வேண்டும், கிளினிக்கும் பார்க்க வேண்டும், பிழை வந்தால் பதிலும் அவர்தான் சொல்ல வேண்டும். பயிற்சியை நிறுத்திவிடு என்று சிலர் சொல்கிறார்களாம். நிறுத்தினால் ஒட்டுசுட்டானில் இருந்து வருகிற சனத்துக்கு நாளைக்கு யார் கண் பார்ப்பது என்று கேட்டார். அழவில்லை. எனக்கும் அழுகை வரவில்லை.

வரும்போது வாசலில் அஜந்தன் நின்றான். என் முகத்தைப் பார்க்க முடியாமல் நிலத்தைப் பார்த்தான். தம்பி, சாப்பிட்டீரோ என்று கேட்டேன். இல்லை ஐயா என்றான்.

போன மாதம் நீ அம்மாவோடு கதைத்தபோது நான் குசினியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நான் பழக்கிற பதினொரு பேருக்கும் நான்தான் பதில் சொல்ல வேணும் அம்மா, எனக்கு என்ன எண்டு கேட்க ஒருத்தரும் இல்லை, பொறுப்பை விடப் போறன் என்று நீ சொன்னது எனக்குக் கேட்டது. நான் எழும்பி வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கையைக் கழுவிவிட்டு வயலுக்குப் போய்விட்டேன்.

பிள்ளை, அந்த டொக்டருக்குப் போனில் ஒரு கோல் எடு. அவரிடம் கேட்டுத்தான் நம்பர் வாங்கினேன், ஜெயந்தன் அனுப்புவான். என் மகளாக எடுக்காதே, அந்த வேலை தெரிந்த ஆளாக எடு. அங்கே இப்படி நடந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள், பயந்துபோன அந்தப் பொடியனை எப்படித் திரும்ப வேலைக்குக் கொண்டுவருவது என்று அவருக்குச் சொல். உனக்கு இருக்கிற கஷ்டத்தையும் சொல். அதன் பிறகும் முறைப்பாடு எழுத வேண்டும் என்று நினைத்தால் எழுது, நான் மறிக்க மாட்டேன்.

இன்னொன்று. இடது கண்ணிலும் வெண்புரை முற்றி வருகிறது, மாசி பதினெட்டாம் திகதி புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். அஜந்தனே செய்யட்டும் என்று சுதாஜினி டொக்டரிடம் சொல்லிப் பார்த்தேன். ஒற்றைக் கண் ஆளிலை பழக விட ஏலாது ஐயா, நான்தான் செய்வன் என்றார். அதைச் சொல்லும்போது மேசையில் இருந்த அவருடைய கை நடுங்கியது. நான் கண்டேன். அவர் கையை மடிக்குள் எடுத்துவிட்டார்.

நேரத்துக்குச் சாப்பிடு. குளிருக்குள் வெறுங்காலோடு திரியாதே. நீயும் குடும்பமும் நீண்ட ஆயுளோடு நல்லாயிருக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் ஆசீர்வதிக்கிறோம். பதினெட்டாம் திகதிக்கு முந்தி அவரோடு கதைத்துவிடு.

உன் அன்பு அப்பா,
வே. கனகலிங்கம்