அப்பாவின் ஈரலுக்குப் புதுப் பெயர்

செவ்வாய், இரவு

இல்லை, அப்பாவுக்குப் புது நோய் எதுவும் வரவில்லை. அதே கொழுப்புக் கல்லீரல்தான். மருத்துவர்கள் பெயரை மாற்றிவிட்டார்கள். பழைய பெயர் ‘மது சாராத’ என்று தொடங்கும். சர்ச்சில் மதுவிலக்குக் குழு நடத்தும் அப்பா அதை நன்னடத்தைச் சான்றிதழ் போலக் காட்டித் திரிந்தார். இன்று வந்த ரிப்போர்ட்டில் ‘வளர்சிதை மாற்றக் கோளாறு சார்ந்த’ என்றிருக்கிறது.

“குடிக்காதவன்னு இருந்தத ஏம்மா எடுத்துட்டானுங்க?” என்றார்.

“எதனால வந்துச்சுன்னு சொல்லணும்ல, அப்பா. உங்களுக்கு சுகர், தொப்பை.”

“நாளைக்கு எவனாவது ‘இன்னா நைனா, ஈரல் போச்சாமே’ன்னு கேட்டா எதக் காட்றது? பழைய பேரப் போடச் சொல்லு. அதுவரைக்கும் மாத்திரையும் கிடையாது, வாக்கிங்கும் கிடையாது.”

ஈரல் இறுகத் தொடங்கிவிட்டது என்று டாக்டர் சொன்னதை அவர் காதில் வாங்கவே இல்லை. கத்திக் கத்தி என் தொண்டை கட்டியதுதான் மிச்சம். அவரை நடக்க இழுத்துப்போக, விடியலுக்கு அலாரம் வைத்தேன்.