குளிர் விடாத பாட்டில்

அக்கா,

நெற்றித் தையல் ஆறிவிட்டதா? போனில் கேட்க வாய் வரவில்லை.

உனக்குப் போட்ட ஊசியில் மருந்தைச் சுமக்கும் பாலிமர் உடம்புக்குள் மெல்லக் கரைந்து, ஒரு மாதம் வலிப்பு வராமல் காக்க வேண்டும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த பாலிமர் பாட்டிலைக் குளிர் விடும்வரை திறக்கக் கூடாது. திறந்தால் காற்றின் ஈரம் படிந்துவிடும். பிறகு அது சீக்கிரமே கரைந்து, மருந்து பத்து நாளில் தீர்ந்துவிடும். லேபில் நான் அந்த ஊசியைத் தயாரித்த அன்று மேலாளர் அவசரப்படுத்தினார். "இன்னும் அரை மணி ஆகும் சார்" என்று சொல்லக் கூச்சப்பட்டுத் திறந்துவிட்டேன்.

அந்தப் புது ஊசியின் சோதனைக்கு உன் பெயரைக் கொடுத்ததும் நான்தான். "எங்க வீட்டுல படிச்ச ஒரே புள்ள செஞ்ச ஊசிம்மா, தப்பாப் போகுமா?" என்று நர்ஸிடம் பீற்றிக்கொண்டாய்.

ஊசி போட்ட பன்னிரண்டாம் நாள் வலிப்பு வந்து அடுப்படியில் விழுந்தாய். டாக்டரிடம், "ராத்திரியெல்லாம் முழிச்சிருந்தேன் டாக்டர், அதான் வலிப்பு வந்துடுச்சு, என் தப்புதான்" என்றாய். நீ குறட்டை விட்டுத் தூங்கியதைப் பக்கத்தில் படுத்திருந்த நான் கேட்டேன். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

அதே ஊசி இன்னும் பதினோரு பேர் உடம்பில் இருக்கிறது. இன்று காலை எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். உன்னையும் விசாரிக்க வருவார்கள். இந்த முறை என்னைக் காப்பாற்றாதே அக்கா. நன்றாகத் தூங்கினேன் என்று சொல்.

உன் தங்கை