தம்மபாலனோடு யாரும் பேசக்கூடாதென்ற கட்டுப்பாடு

அனுப்புநர்:
பழனியம்மா,
காலஞ்சென்ற சுரங்கத் தொழிலாளி வேலுவின் மனைவி,
ஸ்கெலட்டன் லைன், கோலார் தங்கவயல்.

பெறுநர்:
உயர்திரு தாசில்தார் அவர்கள்,
பங்காருபேட்டை.

பொருள்: பொதுக்கூட்டத்தில் பேசியதற்காக ஒரு குடும்பத்தை ஒதுக்கி வைத்திருப்பதை நீக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற ஆனி மாதம் என் கணவர் சுரங்கத்தினுள் கால் தவறிக் குழியில் விழுந்து இறந்தார். உடலை மேலே கொண்டுவந்தவர், அவரோடு ஒரே கேங்கில் வேலை செய்த எதிர்வீட்டுத் தம்மபாலன்.

2. இரங்கல் கூட்டத்தில் எல்லோரும் என் கணவரைப் புகழ்ந்தார்கள். தம்மபாலன் மட்டும் மைக் முன் நின்று, "வேலு அண்ணன் அன்னிக்கு குட்சிட்டுதான் கேஜ்ல சுரங்கத்துக்குள்ள எறங்கனாரு. நாங்க பாத்துட்டு சும்மா இருந்தோம். இனிமே குட்சவன யாரும் கீழ எறக்காதீங்க" என்றார். உடனே மைக்கை நிறுத்தி, சட்டையைப் பிடித்து அவரை மேடையிலிருந்து இழுத்துத் தள்ளினார்கள்.

3. இறந்தவரை இழிவுபடுத்தி, எனக்கு வரவேண்டிய நஷ்டஈட்டையும் கெடுக்கப் பார்த்தாரென்று சொல்லி, எங்கள் தொழிலாளர் குடியிருப்பான லைனின் பஞ்சாயத்துத் தலைவர் முனிரத்தினம் அவர் குடும்பத்தோடு எவரும் பேசக்கூடாதென்று கட்டுப்பாடு விதித்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

4. அதுமுதல் குழாயடியில் அவர் மனைவி சுலோச்சனாவின் குடத்தை எடுத்து ஓரமாக வைத்துவிடுகிறார்கள். லைன் கடையில் அரிசி கொடுப்பதில்லை. பக்கத்து ஊரான ஊரிகத்துக்கு நடந்துபோய் வாங்கி வருகிறார். சுரங்கத்தினுள்ளும் தம்மபாலனுக்கு யாரும் குரல் கொடுப்பதில்லை. அந்த இருட்டில், கூப்பிட்டால் பதில் வராத இடத்தில் ஒருவர் வேலை செய்வது எப்படியிருக்கும் என்பதைத் தாங்களே யோசிக்க வேண்டும்.

5. தை மாதம் அவர்களுடைய கைக்குழந்தை ஜுரத்தில் இறந்துபோனது. லைனிலிருந்து ஒருவரும் வரவில்லை. பெற்ற தகப்பனே குழி வெட்டினார். துண்டில் சுற்றிய குழந்தையை நான் தூக்கிக்கொண்டு கூடப் போனேன்.

6. மறுநாள் தலைவர் என்னை வரவழைத்து, "உன் புருசன குடிகாரன்னு சொன்னவன் வூட்டுக்கு இன்னாத்துக்குப் போன?" என்று கேட்டார். "அவரு சொன்னது நெசந்தாங்க. அன்னிக்கு போவாதன்னு நானே தடுத்தேன், கேக்கல" என்றேன். "பொம்பள, வாய மூடிக்கினு போ" என்றார். இப்போது என்னோடும் யாரும் பேசுவதில்லை.

7. என் கணவர் பெயரைச் சொல்லி, எனக்காகச் செய்வதாகவும் சொல்லி நடக்கும் இந்த அநியாயத்தை என்னால் பொறுக்க முடியவில்லை. தாங்கள் நேரில் வந்து, கட்டுப்பாட்டை எல்லோர் முன்னிலையிலும் நீக்க உத்தரவிட வேண்டும். தம்மபாலனையும் அழைத்து விசாரிக்க வேண்டும். அவர் பதில் சொல்ல நேரமானால் தயவுசெய்து காத்திருங்கள். குழந்தையைப் புதைத்துவிட்டு வந்ததிலிருந்து அவர் வீட்டிலும் வாய் திறப்பதில்லை என்று சுலோச்சனா சொல்லி அழுகிறார்.

தங்கள் வருகையை எதிர்பார்க்கும்,
பழனியம்மா

இடம்: ஸ்கெலட்டன் லைன்
நாள்: 12.3.1968