காற்றில்லாத நாள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மா நலம். நீ அனுப்பிய தைலத்துக்கு அவள் முழங்கால் கொஞ்சம் கேட்கிறது. மாடி வீட்டுக்காரர் ஒருவழியாகக் குழாயை மாற்றிவிட்டார், நம் சுவர் காய்கிறது. ஆஸ்பத்திரியில் புது நரம்பு வார்டில் வேலை எப்படி? வேளாவேளைக்குச் சாப்பிடு.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனை எடுத்தால் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள்.

நீ கிளம்பும்போது வாங்கித் தந்த நோட்டில் ஒன்றரை வருடமாக ஒரு நாள் விடாமல் எழுதுகிறேன். கிரேன் ஓட்டுகிறவனுக்கு எதற்கு டைரி என்று முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு பித்தே பிடித்துவிட்டது. காலையில் ஷிப்டுக்குப் போகுமுன் ஜன்னலோரம் உட்கார்ந்து, காற்று எப்படி என்று முதல் வரி எழுதுவேன். தொழில் புத்தி! சாயங்காலம் மீதி. இடது கையால் எழுதுவதால் மை காய்வதற்குள் கை பட்டு இழுத்துவிடும், "சட்டையில ஆக்கிடாதீங்க" என்பாள் அம்மா. கேபினில் நாளெல்லாம் தனியாக இருந்துவிட்டு வருகிறவனுக்குப் பேச ஒரு இடம் கிடைத்த மாதிரி இருந்தது. போன வருட மழையை இந்த வருடம் படிப்பதில் ஒரு ருசி இருக்கிறது.

அந்த ருசிக்காகத்தான் போன வாரம் பழைய பக்கங்களைப் புரட்டினேன். அப்போது வரிக்கு ஐந்து வார்த்தை எழுதியிருக்கிறேன். இப்போது பதினொன்று. எழுத்து எறும்பாகிவிட்டது, வரி முடிய முடிய இன்னும் பொடியாகிறது. அம்மாவிடம் காட்டினேன். "பேப்பரை மிச்சம் பிடிக்கிறீங்களா?" என்று சிரித்தாள். பெரிதாக எழுத வேண்டும் என்று நினைத்தே எழுதிப் பார்த்தேன். மூன்று வார்த்தை வந்தது. நான்காவதிலிருந்து கை தன் வழிக்குப் போய்விட்டது.

பிறகு முழு நோட்டையும் படித்தேன். சோப்பில் வாசனையே இல்லை, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று ஓரிடத்தில். சட்டைப் பொத்தான் மாட்டுவதற்குள் கம்பெனி பஸ் போய்விட்டது என்று ஓரிடத்தில். இடது செருப்பு மட்டும் தேய்கிறது, யாரோடு கோபம், முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள் என்றெல்லாம் நானே எழுதியிருக்கிறேன். எழுதிய அன்றைக்கு ஒவ்வொன்றும் சில்லறை விஷயம். சேர்த்துப் படித்ததும், முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. இருபது நாளுக்கு முன் இரும்புத் தகட்டை இறக்கும்போது லிவரை விட வேண்டிய நேரத்தில் கை தாமதித்தது. தகடு ஊசலாடி, கீழே நின்று சைகை காட்டுகிறவனின் தலையை ஒரு முழத்தில் தாண்டிப் போனது. பதினைந்து வருடமாக என் கையை நம்பி நிற்கிறவன். நான் இறங்கி வந்ததும், "அண்ணே, காத்துதானே?" என்றான். "காத்துதான்" என்றேன். நோட்டிலும் அப்படியே எழுதினேன். அதே பக்கத்தில் காலையில் எழுதிய முதல் வரி: காற்று இல்லை, இலைகூட அசையவில்லை.

இரண்டும் என் கையெழுத்துதான், பாப்பா.

காற்று இல்லை, என் கைதான் என்று நேற்று அவனிடம் உள்ளதைச் சொன்னேன். "எத்தனை நாளா அண்ணே?" என்றான். நோட்டைப் பார்த்தால் ஆறு மாசம் இருக்கும் என்றேன். அந்த ஆறு மாசமும் அவன் கீழே நின்றிருக்கிறான். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். நான் போய் ஃபோர்மேனிடம் கேபின் சாவியைக் கொடுத்தேன். டாக்டர் சொல்லாமல் இனி மேலே ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அம்மாவுக்குத் தெரியாது. லீவு என்று சொல்லி வைத்திருக்கிறேன். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து என் இடது கையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஏன் பார்க்கிறாய் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

உன் வார்டில் இப்படிப் பொடியாக எழுதுகிறவர்களைப் பார்த்திருப்பாய். அவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதைப் போனில் சொல்லாதே. நேரில் வந்து சொல். லீவு கிடைத்தால் இந்த மாதமே வா. நீ நல்லபடியாக நூறு வருடம் இருக்க வேண்டும், கையும் காலும் சுகமாக இருக்க வேண்டும்.

வாம்மா.

உன் அப்பா