ஏலகிரியில் நான் ஓடிய ஓட்டம்

1969 மே 5, திங்கள்

கத்தரி வெயில். தங்கச் சுரங்கத்துக் கழிவு கொட்டும் சைனைடு மேட்டிலிருந்து காலையிலேயே தூசி. கொடியில் காய்ந்த புடவைகளை மறுபடி அலசினேன்.

நாளை ஏலகிரி. மலைமேல் கோடைக்கு வாடகைக்கு விடும் ஓட்டு வீடுகளாம், வரிசையாக. எங்கள் லைன் வீடுகளும் வரிசைதானே, இதற்கு எதற்கு ரயில் ஏற வேண்டும் என்று கேட்டேன். "அங்க குளிருது அத்தை, இங்க வேவுது," என்றாள் மருமகள் வசந்தா. அவள் வாயில் பதில் எப்போதும் தயார்.

மூட்டை கட்டியது: அரிசி, புளி, மிளகாய்த்தூள், கருவாடு (தனியாக, வாசனை பரவாமல்), ஸ்டவ், கம்பளி, தைலம். தைலம் தனபாலுக்கு. என் மகன். பொங்கலிலிருந்து இருமல்.

ஏற்பாடெல்லாம் வசந்தாவின் அப்பா கோவிந்தசாமி. இனி கோ. என்று எழுதினால் போதும், முழுப் பெயருக்கு மை வீண். அவரும் வருகிறார். வரட்டும். மலை யார் வீட்டுச் சொத்தும் இல்லை.

கோ.வுடன் நான் பேசிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் வசந்தாவிடம் சொல்வேன், அவள் அப்பாவிடம் சொல்வாள், அவர் அவளிடம் சொல்வார். மூன்று பேரும் ஒரே அறையில் இருந்தாலும் அப்படித்தான்.

மே 6, செவ்வாய்

மாரிகுப்பத்தில் ஏறி, பங்காருபேட்டையில் மாறி, ஜோலார்பேட்டையில் இறங்கி, பஸ். பேத்தி சுமதி வளைவில் இரண்டு முறை வாந்தி. அப்புறம் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டே வந்தாள்.

ரயிலில் கோ. எதிர் சீட். "வசந்தா, உங்க அத்தைக்கு ஜன்னல் ஓரம் வேணுமான்னு கேளு."

"வசந்தா, எனக்கு இங்கயே காத்து வருதுன்னு சொல்லு."

வசந்தா தலையில் அடித்துக்கொண்டாள். "இந்த வூட்ல எனக்கு மட்டும் ரெண்டு வாயி வேணும்."

வீடு பரவாயில்லை. ஓடு ஒழுகிய தடம். வாசலில் பலா மரம், காய் குலை குலையாக. தண்ணீர் ஐஸ். பக்கத்து வீட்டில் மெட்ராஸ் குடும்பம், ரேடியோவுடன். அந்த அம்மாள் கேட்டாள், "உங்க ஊர்ல மண்ணைக் கிளறினாலே தங்கம் வருமாமே?"

"வரும். கூடவே இருமலும் வரும்," என்றேன். ஜோக் என்று நினைத்துச் சிரித்தாள்.

பஸ் நின்ற இடத்திலிருந்து வீட்டுக்குச் சின்ன ஏற்றம்தான். தனபால் நடுவில் நின்றான். பெட்டி கனம் என்றான். பெட்டியைத் தூக்கியது வசந்தா.

மே 7, புதன்

விடிகாலை பனி. அடுப்பு மூட்ட எழுந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். தனபால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குகிறான். இரண்டு தலையணை முதுகுக்கு. வாய் திறந்து.

ஊரில் அவர்கள் உள்ளறையில் படுப்பதால் எனக்குத் தெரியவில்லை. இங்கே ஒரே அறை.

என் வீட்டுக்காரர் கடைசி வருஷம் இப்படித்தான் தூங்கினார்.

அப்போது கோ. எங்களுக்குப் பக்கத்து வீடு. என் வீட்டுக்காரருக்கு உயிர்த் தோழர், ஒரே ஷிப்டு, ஒரே கேஜில் சுரங்கத்துக்குள் இறங்குவார்கள். பிள்ளைகளுக்குக் கல்யாணம் அப்போதே பேசி முடித்தாகிவிட்டது. எங்கள் வாசலில் உட்கார்ந்து நான் சுட்ட உளுந்து வடை மூன்று தின்றார். நாலாவதைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "ஆஸ்பத்திரில மூச்சுத் திணறுதுன்னு வாயத் தொறக்காத மச்சான். கீழ எறங்க வுடாம மேல் வேலைக்குத் தூக்கிப் போட்டுடுவான். மேஸ்திரி ஆவுற வரைக்கும் தம் கட்டு." நீலக் கரைத் துண்டு. வலது காதில் பஞ்சு. எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

இவர் தம் கட்டினார். மேஸ்திரியும் ஆனார். எட்டு மாசம் கழித்துப் போய்விட்டார். கோ. பாடைக்குத் தோள் கொடுத்தார். நான் அன்றைக்கு வாயை மூடினேன்.

மதியம் கருவாட்டுக் குழம்பு. மெட்ராஸ் வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள்.

மே 8, வியாழன்

வெயில், ஆனால் ஊர் வெயில் இல்லை. எல்லோரும் ஏரிக்குப் போனோம். சுமதிக்குக் கொய்யா. செருப்பு வார் அறுந்தது.

திரும்பி வந்து தலை துவட்டிக்கொண்டிருந்தேன். பலா மரத்தடியில் கோ.வும் தனபாலும். ஜன்னல் திறந்திருந்தது. காது எனக்கு இன்னும் போகவில்லை.

கோ.: "அடுத்த மாசம் மெடிக்கல் வருது மாப்ள. எக்ஸ்ரேக்குப் பேர் கூப்பிடற அன்னிக்கு லீவு போட்டுடு. மேஸ்திரி ஆயிட்டு அப்பறம் காட்டிக்கலாம்."

தனபால்: "அதான் மாமா நானும் நெனச்சேன்."

அதே வாய். அதே வார்த்தை. வடை மட்டும்தான் இல்லை.

தனபாலிடம் சொன்னேன், ஊருக்குப் போனதும் ஆஸ்பத்திரியில் நெஞ்சைக் காட்டு என்று. "சளிம்மா. நீ வேற." வசந்தாவிடம் சொன்னேன். "நைனா பாத்துப்பாரு அத்தை. அவரு சொன்னா இவரு கேப்பாரு."

அதுதானே எனக்கு வயிற்றெரிச்சல். நான் பெற்றவன் என் பேச்சைக் கேட்க மாட்டான், அந்த ஆள் பேச்சைக் கேட்பான். தகப்பனும் அப்படித்தான்.

ராத்திரி ரசம் மட்டும்.

மே 9, வெள்ளி

இன்றைக்கு எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனாலும்.

மதியம் வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். தனபால் கட்டிலில். கவிழ்த்து வைத்த தட்டுகள் கிணுகிணு என்றன. அப்புறம் காலடியில் தரை ஒரு தரம் உதறியது.

எங்கள் ஊரில் சுரங்கத்துக்குள் பாறை வெடித்தால் இப்படித்தான். முதலில் தட்டு, பிறகு தரை. அந்தச் சத்தம் கேட்டால் பொம்பளைகள் யாரும் யோசிப்பதில்லை. போட்டது போட்டபடி ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவோம், கேஜில் யார் ஏறி வருகிறார்கள் என்று பார்க்க. எங்கள் லைனிலிருந்து ஷாஃப்ட் இறக்கத்தில்.

நான் இறக்கத்தில் ஓடினேன். கையில் சாம்பல், காலில் செருப்பில்லை.

பின்னால் தனபால் கத்தினான். "அம்மா! நான் இங்க கீறேம்மா! ரோட்டுக்கு வெடி வெக்கிறாங்கம்மா!"

கேட்டது. காதில் நன்றாகவே கேட்டது. கால்தான் கேட்கவில்லை. இவனைத் தேடிக்கொண்டே இவனை விட்டு ஓடினேன்.

வளைவில் கல் தடுக்கி நின்று திரும்பிப் பார்த்தேன். என்னைப் பிடிக்க ஓடி வந்தவன் பாதி வழியில் குந்தி உட்கார்ந்திருந்தான். இரண்டு கையும் தரையில். உதடு நாவல்பழம் தின்றவன் மாதிரி. எனக்கு வயது அறுபது தாண்டிவிட்டது. அவனுக்கு முப்பத்தாறு. இறக்கம் வேறு.

மெட்ராஸ் அம்மாள் வாசலில் நின்று சிரித்தாள். "ரோடு அகலப்படுத்தறாங்க பாட்டி, அதுக்குப் போயி!" யாரை வேண்டுமானாலும் பார்த்துச் சிரிக்கட்டும்.

கோ.வும் வெளியே வந்திருந்தார். அவன் குந்தியிருந்ததைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் பலா மரத்தைப் பார்த்தார்.

வசந்தா அழுதுகொண்டே புருஷனின் முதுகைத் தடவினாள். "இன்னா நைனா இது, இப்டி மூச்சு வாங்குது?"

கோ.: "குளிர் காத்தும்மா. கீழ போனா சரியாயிடும்."

பாத்திரம் பாக்கி இருந்தது. தேய்த்தேன்.

மே 10, சனி

காலையில் பேசிவிட்டேன்.

கோ. மரத்தடியில் வேப்பங்குச்சியால் பல் துலக்கிக்கொண்டிருந்தார். போய் எதிரில் நின்றேன். முன்பெல்லாம் அண்ணா என்று கூப்பிடுவேன். இன்று கூப்பிடவில்லை.

"நேத்து என்னப் புடிக்க அவனால முடியல," என்றேன்.

யாரிடம் பேசுகிறேன் என்று திரும்பிப் பார்த்தார். பின்னால் பலா மரம்தான்.

"உங்ககிட்டதான் சொல்றேன்."

குச்சியை வாயிலிருந்து எடுத்தார். "பாத்தேன்."

"பாத்துட்டுதான் குளிர் காத்துன்னு சொன்னீங்களா?"

"வசந்தா பக்கத்துல இருந்தா. அழுதுக்கினு இருந்தா."

"இப்ப அழட்டும். உங்க பொண்ணு நெத்தியப் பாருங்க. அப்பறம் என் நெத்தியப் பாருங்க."

அவர் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார். கிழவராகிவிட்டார், கழுத்தெல்லாம் தோல். அதுவரை நான் கவனிக்கவில்லை.

"நான் சொன்னா கேப்பானா?"

"நீங்க சொன்னீங்கன்னு சாவறதுக்கே கேட்டாரு எங்க வூட்டுக்காரரு. பொழைக்கறதுக்கு இவன் கேக்கமாட்டானா?"

குச்சியைத் தூரப் போட்டார். அப்புறம், "அன்னிக்கு நான் சொன்னது இன்னான்னா..." என்று ஆரம்பித்தார்.

"அந்தப் பேச்ச எடுக்காதீங்க. அது என்கிட்டயே இருக்கட்டும். இவன மட்டும் மேல ஏத்துங்க."

வந்துவிட்டேன். பால் பொங்கி அடுப்பு அணைந்திருந்தது.

சாயங்காலம் ஏரிக்கரையில் இரண்டு பேரும். நான் தூரத்தில், சுமதிக்குத் தலை பின்னிக்கொண்டு. தனபால் கையை வீசி வீசிப் பேசினான். எழுந்தான். கல்லை எடுத்துத் தண்ணீரில் எறிந்தான். எறிந்த மூச்சுக்கே இருமல் வந்து உட்கார்ந்துவிட்டான். கோ. அவன் தோளில் கை வைத்தார். தட்டிவிட்டான். மறுபடி வைத்தார்.

நேரே என்னிடம் வந்தான். "நீதான் ஏத்தி வுட்டியா?"

"ஆமா."

"என்னை லேம்ப் ரூம்ல உக்கார வெச்சிடுவான். என்கூட எறங்கினவன்லாம் மேஸ்திரி. நான் அவனுங்களுக்கு வெளக்கு தொடைச்சிக் குடுக்கணுமா?"

"தொடைச்சிக் குடு."

"பேடா ஆயா, சண்டை பேடா," என்று சுமதி என் முந்தானையை இழுத்தாள். வேண்டாம் என்பது அவளுக்குக் கன்னடத்தில்தான் வரும். பாதி ஜடையோடு.

மே 12, திங்கள்

ஊர் வந்து சேர்ந்தோம். அதே வெயில், அதே தூசி. பலாப்பழம் ஒன்று கொண்டுவந்தது, லைன் முழுக்கச் சுளை கொடுத்தேன். எதிர்வீட்டுக்காரிக்கு மட்டும் இல்லை. போன தீபாவளிக்கு அவள் கொடுத்த ஊசிப்போன லட்டு மறக்கவில்லை.

ரயிலில் தனபால் என் பக்கம் திரும்பவில்லை.

மே 15, வியாழன்

காலையில் கோ. வந்து வாசலில் நின்றார், துவைத்த சட்டை போட்டு. தனபாலைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். மெடிக்கலுக்கு யாரும் கூப்பிடாமல், தானாகவே.

உளுந்து ஊற வைத்தேன். எதற்கு என்று தெரியவில்லை. பிறகு தோசைக்கு என்று வைத்துக்கொண்டேன்.

மதியச் சங்கு ஊதிய பிறகுதான் வந்தார்கள். வசந்தா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். எக்ஸ்ரே படத்தில் நெஞ்சின் இரண்டு பக்கமும் தூசி. இனிமேல் கீழே இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். இன்னும் இரண்டு வருஷம் இறங்கியிருந்தால் என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாராம். மேலேயே இருந்து மருந்து சாப்பிட்டால் காலம் தள்ளலாமாம்.

தனபால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

கோவிந்தசாமி நடுக்கூடத்தில் நின்றார். எங்கே உட்கார்வது என்று தெரியாமல். காலையிலிருந்து சாப்பிடவில்லை போல.

"வசந்தா," என்றேன், "உங்க நைனாவக் காப்பி குடிச்சிட்டுப் போவச் சொல்லு."

மே 18, ஞாயிறு

புழுக்கம். மழை வருவது போல் வந்து போய்விட்டது. அரிசியில் வண்டு, சலித்தேன்.

நாளை முதல் அவனுக்கு லேம்ப் ரூம். என்னிடம் பேசுவதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக ஒரு வார்த்தை இல்லை. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தான். நான் எதிரில்தான் இருக்கிறேன். "வசந்தா, உங்க அத்தை ஊறுகா எங்க வெச்சிருக்காங்கன்னு கேளு."

வசந்தா கரண்டியைப் போட்டாள். "இன்னா கர்மம்டா சாமி. அது முடிஞ்சி இது ஆரம்பமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். பிடிவாதம் வேறு எங்கிருந்து வரும். நான் பன்னிரண்டு வருஷம் இருந்தேன். அவனும் இருக்கட்டும், பன்னிரண்டு, இருபது, எத்தனை வருஷம் வேண்டுமானாலும். மேலே இருந்துகொண்டு பேசாமல் இருக்கட்டும்.

"மாடத்துல, சிவப்பு ஜாடியில இருக்குதுன்னு சொல்லு," என்றேன் வசந்தாவிடம்.